அப்பா ஆடியது பீமன் வேஷம், படத்தில் தெரிவது நரபலி

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். ஊர், பெயர், நிறுவனத்தின் அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 58 வயது. தெருக்கூத்து ஜமா (ஆட்டக் குழு) ஒன்றின் வாத்தியார். சென்ற ஆவணியில் ஒரு வெளிநாட்டுப் படக்குழு ஊருக்கு வந்தது. "உங்கள் கலையை உலகமே பார்க்கப் போகிறது" என்று சொல்லி, ஜமாவில் இருந்த 14 பேரையும் இரண்டு இரவு ஆட வைத்துப் படம் பிடித்தார்கள். மொத்தமாக 40,000 ரூபாய் கொடுத்தார்கள். வேஷம் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆங்கிலத்தில் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். அதன் நகல் தரவில்லை.

போன மாதம் டிரெய்லர் வந்தது. அப்பா பீமனாக நின்று, களிமண்ணில் செய்த துரியோதனன் தொடையில் கதையால் அடிக்கிறார். குங்குமம் கரைத்த சிவப்பு நீர் தெறிக்கிறது. அடுத்த நொடியில் கட்டிப் போடப்பட்ட ஒரு வெள்ளைக்கார இளைஞன் தொடையில் இரத்தம் வழிவதாகக் காட்டுகிறார்கள். அப்பா "அடே துரியோதனா" என்று முழங்க, கீழே ஓடும் ஆங்கில வரி "தேவிக்கு இரத்தம் வேண்டும்" என்கிறது. அதற்கு முன்னால் 'இந்தியாவின் மிகப் பழைய சடங்கு' என்று ஓர் அட்டை. இன்னும் இரண்டு மாதத்தில் படம் ஓடிடி தளத்தில் வருகிறதாம். ஆட்டம் பேசித் தாம்பூலம் கொடுத்திருந்த இரண்டு ஊர்க்காரர்கள் இப்போது தயங்குகிறார்கள். பேரனைப் பள்ளிக்கூடத்தில் "நரபலி வீட்டுப் பையன்" என்கிறார்கள்.

வாசகியின் கேள்விகள் இவை. நம் கலாச்சாரத்தைப் பொய்யாகக் காட்டும் இந்தப் படத்தைத் தடை செய்ய முடியுமா? கூத்து எங்கள் பரம்பரைச் சொத்து, அதற்கு நஷ்ட ஈடு உண்டா? தம்பி போலீசில் புகார் கொடுக்க வேண்டும், வீடியோ போட வேண்டும் என்று குதிக்கிறான், விடலாமா? அப்பாவோ "கையெழுத்துப் போட்டாச்சு, விடும்மா" என்கிறார். அவர் சொல்வதுதான் சரியா?

சகோதரி, உங்கள் அப்பா சொல்வது சரியில்லை. அதற்காக நீங்கள் சொல்வது முழுக்கச் சரி என்றும் ஆகாது. தம்பி சொல்வது இரண்டுக்கும் சேராது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூத்து யாருடையது?

பரம்பரைச் சொத்து என்று நீங்கள் எழுதியிருப்பது மனசுக்குப் புரிகிறது, ஆனால் சட்டத்துக்குப் புரியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், யாரோ ஒருவர் எழுதிய, இசையமைத்த, படம் பிடித்த படைப்புக்கு உரிமை கொடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் படுகளம், அதாவது துரியோதனனைப் பீமன் வீழ்த்தும் இந்தக் கூத்து, யார் எழுதியது? அதற்கு ஆசிரியர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. எனவே பதிப்புரிமையும் இல்லை. நாட்டார் வழக்காறுகளை நாட்டின் சொத்தாகவே அறிவித்த நாடுகள் உண்டு. கானா 2005இல் இயற்றிய பதிப்புரிமைச் சட்டத்தில், மக்களின் சார்பாகக் குடியரசுத் தலைவரிடம் அந்த உரிமையை ஒப்படைத்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி ஒன்று கிடையாது.

அப்புறம், 'உண்மையாகக் காட்டவில்லை' என்ற வாதம். ஒரு நாட்டின் கலாச்சாரத்தை உள்ளது உள்ளபடி காட்ட வேண்டும் என்று எந்தப் படத்தையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இங்கே இல்லை. தப்பாகக் காட்டுவது, அரைகுறையாகக் காட்டுவது, மோசமான ரசனையோடு காட்டுவது எல்லாம் கண்டிக்கத் தக்கவைதான். ஆனால் அதற்காக மட்டும் நீதிமன்றப் படி ஏற முடியாது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். களிமண் துரியோதனன் மேல் கதையை ஓங்கும் உங்கள் அப்பாவின் பீமன், வியாசரின் பாரதத்தில் இருக்கிறபடியா இருக்கிறான்? கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பாண்டவர் சபையில் நின்றுகொண்டு ரேஷன் கடை வரிசையைக் கிண்டல் செய்வதில்லையா? அரசு விழா என்றால் விடிய விடிய ஆடும் கூத்தை இருபது நிமிடத்துக்கு உங்கள் அப்பாவே சுருக்கித் தந்திருப்பார். கூத்து மாறிக்கொண்டே வந்த கலை. "அசல் இதுதான்" என்று நாம் நீதிமன்றத்தில் கோடு போட ஆரம்பித்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்தக் கோட்டை நம் காலடியிலேயே அழித்துக் காட்டுவார். நானே அந்தப் பக்கம் நின்றால் அதைத்தான் செய்வேன்.

ஆகவே கலாச்சாரத்தின் பெயரால் வழக்குப் போட வேண்டாம். உங்கள் அப்பாவின் பெயரால் போடலாம். அங்கேதான் உங்களுக்கு உறுதியான பிடி இருக்கிறது.

பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்று ஒருவரை அடையாளம் காட்டுகிறது. நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, பாம்பாட்டி என்று பட்டியல் போட்டு, கடைசியில் "நிகழ்ச்சி நிகழ்த்தும் வேறு எவரும்" என்று முடிக்கிறது. படுகளம் யாருக்கும் சொந்தம் இல்லாமல் இருக்கலாம். அந்த இரண்டு இரவுகளில் அப்பா ஆடிய ஆட்டம் அவருக்குச் சொந்தம். அந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். 2012இல் வந்த திருத்தம் 38பி என்றொரு பிரிவைச் சேர்த்தது. தன் நிகழ்ச்சியைத் திரித்தோ சிதைத்தோ மாற்றியோ தன் பெயருக்குக் கேடு விளைவித்தால், அதைத் தடுக்கவும் நஷ்ட ஈடு கேட்கவும் நிகழ்த்துநருக்கு அந்தப் பிரிவு உரிமை தருகிறது. தன்னை இன்னார் என்று அடையாளம் காட்டச் சொல்லும் உரிமையும் அதிலேயே இருக்கிறது.

கம்பெனி இரண்டு பதில் சொல்லும். முதலாவது, "எடிட்டிங்கில் வெட்டுவது சகஜம்." நீளத்தைக் குறைக்கவும் எடிட்டிங்குக்காகவும் ஒரு பகுதியை நீக்குவது மட்டும் பெயருக்குக் கேடு ஆகாது என்று சட்டமே விளக்கம் சொல்கிறது, அது உண்மை. ஆனால் இங்கே நடந்தது நீக்கம் மட்டுமா? ஒரு ஷாட்டுக்குப் பக்கத்தில் வேறொரு ஷாட்டை ஒட்டியிருக்கிறார்கள். அவர் சொல்லாத வசனத்தை அவர் வாயில் போட்டிருக்கிறார்கள். துரியோதனனைக் கூப்பிட்டவரை தேவிக்கு இரத்தம் கேட்டவராக மாற்றிய அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கின் முதுகெலும்பு. கலாச்சாரத்தைப் பற்றி ஆயிரம் பக்கம் வாதாடுவதைவிட, தமிழ் தெரிந்த ஒருவர் அந்தப் பத்து நொடியைப் பார்த்து 'மொழிபெயர்ப்பு பொய்' என்று சொல்வது வலுவானது.

இரண்டாவது, "அவர் படத்தில் சும்மா வந்து போகிற துணை ஆள்." சினிமாவில் தற்செயலாகத் தலைகாட்டுபவர், வழக்கமாகப் பெயர் போடப்படாதவர், நிகழ்த்துநர் ஆக மாட்டார் என்று சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கத்தான் செய்கிறது. 14 பேர் ஜமாவை இரண்டு இரவு ஆட வைத்து டிரெய்லரிலும் போட்டுவிட்டு, சும்மா வந்து போனவர் என்று சொல்வது எடுபடாது என்றே நினைக்கிறேன். எடுபட்டாலும் பரவாயில்லை. திரிப்பதற்கு எதிரான உரிமை மட்டும் அப்படிப்பட்டவருக்கும் உண்டு என்று அந்த விதிவிலக்கே சொல்கிறது. பெயர் போடச் சொல்லும் உரிமைதான் போகும். சட்டம் எழுதியவர்கள் இப்படிச் சில இடங்களில் நல்ல காரியமும் செய்திருக்கிறார்கள்.

அரிதாரமும் கிரீடமும் முகத்தை மறைக்கிறதே, யாருக்கு அவரைத் தெரியும் என்றும் கேட்கலாம். தாம்பூலம் கொடுத்தவர்களே தயங்குகிறார்கள் என்றால் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள்? அந்த ஊர்க்காரர்களில் ஒருவரிடமாவது, ஏன் தயங்கினார்கள் என்பதை எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

அந்தக் காகிதம்

கையெழுத்துப் போட்டாச்சு என்று அப்பா கை விரிப்பதில் பாதி நியாயம் இருக்கிறது. படிக்கவில்லை, ஆங்கிலம் தெரியாது என்று சொன்னால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போய்விடாது. ஆனால் என்ன விஷயத்துக்குக் கையெழுத்து என்பதையே தப்பாகச் சொல்லி வாங்கியிருந்தால், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அதை ரத்து செய்யக் கோரலாம். "கலையை உலகம் பார்க்கும்" என்று சொன்ன வாட்ஸப் குரல் பதிவு உங்களிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தொலைத்துவிடாதீர்கள். புது போன் வாங்கும்போதுதான் இவை எல்லாம் காணாமல் போகும்.

இந்த மாதிரி காகிதங்கள் எனக்குப் பழக்கம். "இப்போதுள்ள, இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், என்றென்றைக்கும்" என்று எழுதியிருப்பார்கள். செவ்வாய் கிரகத்தில் திரையிட்டாலும் நாம் கேட்கக் கூடாதாம்! அதற்கு மிரள வேண்டாம். படத்தில் தன் ஆட்டத்தைச் சேர்க்க ஒருவர் எழுத்து மூலம் சம்மதித்துவிட்டால், தயாரிப்பாளர் அந்தப் படத்தில் அதைப் பயன்படுத்துவதை வழக்கமாக ஆட்சேபிக்க முடியாது. இது 38ஏ பிரிவு. படத்தில் உங்கள் அப்பா வருவதையே தடுக்க முடியாது என்பது இதனால்தான். ஆனால் 38பி வேறு கணக்கு. உரிமையை முழுசாக எழுதிக் கொடுத்த பிறகும் அது கலைஞரிடமே இருக்கும் என்று அந்தப் பிரிவு தன் முதல் வரியிலேயே சொல்கிறது.

எழுத்தாளர்களுக்கு இதே போன்ற பாதுகாப்பு 57ஆம் பிரிவில் முன்பிருந்தே உண்டு. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் நாவலைப் படமாக்க உரிமை கொடுத்துவிட்டு, படத்தில் கதை சிதைக்கப்பட்டது என்று வழக்குப் போட்டார். உரிமையை விற்றதால் சிதைக்கவும் அனுமதி கொடுத்ததாக ஆகாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 1986இல் சொன்னது. அந்த வழக்கில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். நிகழ்த்துநர் விஷயத்தில் இந்த அளவுக்குத் தெளிவான தீர்ப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை. எனவே ஜெயம் நிச்சயம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். வாதாட நல்ல இடம் இருக்கிறது.

முதலில் அந்தக் காகிதத்தின் நகலைக் கேளுங்கள். கையில் வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள்: தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம், எங்கே நடுவர் மன்றம் என்ற பத்தி, 'தார்மிக உரிமைகளை (38பி தரும் உரிமைகள்தான்) விட்டுக்கொடுக்கிறேன்' என்ற பத்தி. இரண்டாவது நம் நாட்டில் எந்த அளவு செல்லும் என்பது வாதத்துக்குரியது. முதலாவதுதான் நிஜமான தலைவலி.

தடையும் தம்பியும்

போலீஸ் புகார் பற்றி. மத உணர்வைப் புண்படுத்தும் குற்றம் இப்போது பாரதிய நியாய சம்ஹிதையின் 299ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ. வேண்டுமென்றே, தீய நோக்கத்தோடு செய்தார்கள் என்று காட்ட வேண்டும். அறியாமையும் அலட்சியமும் அதில் அடங்காது. இந்தப் படக்குழு செய்தது பெரும்பாலும் அலட்சியம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அது குறைந்த குற்றம் என்று சொல்ல வரவில்லை. இந்தச் சட்டத்தில் மாட்டாது, அவ்வளவுதான்.

"ஊர் கொந்தளிக்கிறது, அதனால் தடை செய்யுங்கள்" என்பதும் ஓடாது. இட ஒதுக்கீடு பற்றிய 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படத்தின் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, 1989இல் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம், ஊர்வலம், வன்முறை மிரட்டல் இவற்றுக்குப் பயந்து கருத்துரிமையை நசுக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு வகையில் இது நமக்கும் நல்லதுதான். கட்டியங்காரனும் நாளைக்கு யாரையாவது கிண்டல் செய்துதானே பிழைக்க வேண்டும்.

தம்பியின் வீடியோ வேண்டாம். கம்பெனிப் பெயரைச் சொல்லி "மோசடிக் கும்பல்" என்று பேசினால், அவர்கள் அவதூறு வழக்கோடு வருவார்கள். நம் கையில் இருக்கும் ஆயுதத்தை அவர்களிடம் கொடுத்த மாதிரி ஆகும். படத்துக்கு இலவச விளம்பரமும் கிடைக்கும். அவனுக்கு வேறு வேலை கொடுங்கள், கீழே சொல்கிறேன்.

ஓடிடி என்பதால் தணிக்கை வாரியத்தை நாடிப் பயனில்லை. அது திரையரங்குப் படங்களுக்குத்தான். ஓடிடிக்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் இருக்கின்றன. பல இன, பல மதச் சூழலைக் கருதி, ஒரு பிரிவினரின் நம்பிக்கைகளையும் வழக்கங்களையும் காட்டும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று அதன் நெறிமுறையில் ஒரு வரி உண்டு. நீங்கள் தேடும் 'கலாச்சாரத்தைச் சரியாகக் காட்டு' என்பதற்கு நம் சட்டத்தில் ஆகக் கிட்ட வரும் வரி இதுதான். ஆனால் அதைக் கட்டாயமாக்கும் 9ஆம் விதியின் சில பகுதிகளை 2021இலேயே மும்பை உயர் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பல் இல்லாத வாய். இருந்தாலும் பெரிய தளங்கள் குறைதீர்ப்பு அதிகாரியை வைத்திருக்கின்றன. அவருக்கு ஒரு புகார் அனுப்புங்கள். பின்னால் "எங்களுக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது.

இன்னொரு கதவும் இருக்கிறது. வெளிநாட்டுக் கதைப்படம் இங்கே எடுக்க மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தில் 2015இல் தொடங்கிய திரைப்பட வசதி அலுவலகம் இதைக் கவனிக்கிறது. திரைக்கதையைக் கொடுத்துத்தான் அனுமதி வாங்க வேண்டும். கொடுத்த திரைக்கதையில் நரபலி இருந்ததா என்று அங்கே எழுதிக் கேளுங்கள். இங்கே படப்பிடிப்பை நடத்திய இந்தியப் பங்காளி நிறுவனம் அடுத்த படத்துக்கும் அதே வாசலில்தான் போய் நிற்க வேண்டும், அதனால் இந்தக் கடிதத்தை அலட்சியம் செய்யாது. அரசு அனுமதியை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 1984இல் வந்த ஒரு இந்தியானா ஜோன்ஸ் படத்துக்குத் திரைக்கதை பிடிக்காமல் இங்கே அனுமதி தரவில்லை. அவர்கள் இலங்கைக்குப் போய் எடுத்தார்கள். அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறும் 'இந்தியா'வை உலகம் பார்த்துவிட்டது.

என்ன கேட்பது?

முழுப் படத்துக்கும் தடை கேட்காதீர்கள். வெளியீட்டுக்கு முதல் நாள் ஓடி வரும் மனுக்களை நீதிபதிகள் எரிச்சலோடுதான் பார்ப்பார்கள். உங்களுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, அது பெரிய அனுகூலம். சின்னதாக, செய்யக்கூடியதாகக் கேளுங்கள். அந்த இரண்டு ஷாட்டையும் பிரிக்க வேண்டும். ஆங்கில வரி அவர் உண்மையில் சொன்னதைச் சொல்ல வேண்டும். 'பழைய சடங்கு' அட்டை போக வேண்டும். ஜமாவின் பெயரும் 14 பேர் பெயரும் படத்தின் முடிவில் வர வேண்டும். நின்றுபோன ஆட்டங்களுக்கு ஈடு. இதில் முதல் மூன்றும் ஒரு எடிட்டருக்கு அரை நாள் வேலை என்பதால்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பேசித் தீர்த்த முன்னுதாரணமும் உண்டு. நார்வே, சுவீடன், பின்லாந்து பகுதிகளில் வாழும் சாமி இன மக்களின் (பெயரே அப்படித்தான்) நாடாளுமன்றங்களும் சாமி கவுன்சிலும் 'ஃப்ரோசன் 2' படத்துக்காக டிஸ்னியோடு ஒப்பந்தம் போட்டன. அந்த மக்களின் ஆலோசனையோடு படம் உருவானது. 2019இல் அவர்கள் மொழியிலும் டப்பிங் செய்து வெளியிட்டார்கள். படம் முடிவதற்கு முன்பே உட்கார்ந்து பேசியதால் கிடைத்தது அது. உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் வெளியாகவில்லை.

நோட்டீஸ் மூவருக்குப் போக வேண்டும்: வெளிநாட்டு நிறுவனம், இங்கே படப்பிடிப்பை நடத்திய உள்ளூர் நிறுவனம், ஓடிடி தளம். பதில் இல்லை என்றால் வழக்கு. பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி, வழக்குப் போடுபவர் குடியிருக்கும் ஊருக்கு உரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். மும்பைக்கு அலைய வேண்டியதில்லை. காகிதத்தில் அந்த நடுவர் மன்றப் பத்தி இருந்தால் அவர்கள் அதைக் காட்டித் தடை எழுப்புவார்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம். செலவுக்குக் கை கடித்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு வருமானம் பார்ப்பதில்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். எனக்கு எழுதியது நீங்கள், உரிமை அப்பாவுடையது. வக்காலத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். திரௌபதி வேஷக்காரர், மிருதங்கக்காரர், முகவீணைக்காரர் என்று மற்ற 13 பேருக்கும் தனித்தனி உரிமை உண்டு. அவர்களும் சேர்ந்தால் பலம் கூடும். அப்பாவை வற்புறுத்தாதீர்கள். ஒருமுறை படிக்காமல் கையெழுத்துப் போட்டு நொந்தவர், இன்னொரு காகிதத்தைக் கண்டால் ஒதுங்கத்தான் செய்வார். இந்தப் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். 38பி பற்றிய பத்தியை இரண்டு முறை வாசியுங்கள்.

தம்பிக்கு வேலை சொல்கிறேன் என்றேனே. டிரெய்லரைத் தேதியோடு, இணைய முகவரியோடு தரவிறக்கி வைக்கட்டும். படப்பிடிப்பு இரவில் ஊர்ப் பிள்ளைகள் போனில் எடுத்த வீடியோக்களைச் சேகரிக்கட்டும். அப்பா அன்றைக்கு என்ன வசனம் பேசினார் என்பதற்கு அவைதான் சாட்சி. பணம் வந்த வங்கிக் குறுஞ்செய்தி, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இருந்தால் அதன் நகல், எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுப்படி சான்று தேவை. அதனால் எந்த போனில் எடுத்தார்களோ அந்த போனை யாரும் விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒன்று. கையெழுத்து வாங்கும்போது வேஷம் கட்டும் இடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். முகவீணைக்காரர் பத்தாவது வரை படித்தவர், "என்னங்க இது" என்று அவர்தான் கேட்டார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குப் படக்குழுவின் மேனேஜர் என்ன பதில் சொன்னார் என்பதை முகவீணைக்காரர் வாயாலேயே கேட்டு, இந்த வாரமே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.